லைட்டர் சொல்லாத எண்: பொருள்கள் எரியும் வேகத்தை எப்படி அளக்கிறார்கள்?

போன வருஷம் நண்பர் ஒருவர் தன் வீட்டு மாடியில் சின்னதாக ஒலிப்பதிவு அறை ஒன்று கட்டினார். சுவரில் ஒட்டுவதற்கு, முட்டை அட்டை போல மேடு பள்ளமாக இருக்குமே, அந்த ஸ்பாஞ்ச் ஷீட் வாங்கக் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு துண்டை வெட்டியெடுத்து, லைட்டரைப் பற்றவைத்து அதன் ஓரத்தில் காட்டினார். கருகியது, கொஞ்சம் உருகியது, லைட்டரை எடுத்ததும் தீ அணைந்துவிட்டது. "பாத்தீங்களா சார், இது தீப்பிடிக்காத மெட்டீரியல்" என்றார். அவர் ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை, அவருக்கு யாரோ அப்படிக் காட்டியிருக்கிறார்கள், அவர் நமக்குக் காட்டுகிறார். நண்பர் பணத்தை எடுத்தார். நான் கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

அப்போது என் மனதில் ஓடியது 2003 பிப்ரவரி 20 இரவு. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் வெஸ்ட் வார்விக் என்ற ஊர், 'தி ஸ்டேஷன்' என்ற இரவு விடுதி. பாட்டு தொடங்கும்போது மேடையில் கொளுத்திய வாணப்பொறி, ஒலி வெளியே போகாமல் இருக்க மேடையைச் சுற்றி ஒட்டியிருந்த பாலியூரித்தேன் ஸ்பாஞ்சில் பட்டது. 100 பேர் இறந்தார்கள். முதல் சில விநாடிகள் அதை நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்றே பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அமெரிக்க அரசின் நிஸ்ட் ஆய்வகம் அந்த மேடைப் பகுதியை மாதிரியாகக் கட்டி, சுவரில் ஸ்பாஞ்ச் ஒட்டி, எரித்துப் பார்த்தது. பற்றி 90 விநாடிக்குள் அங்கே யாரும் உயிரோடு இருந்திருக்க முடியாது என்று தெரிந்தது. தண்ணீர்த் தெளிப்பான் பொருத்திவிட்டு எரித்தபோது அதே அறையில் ஆள் பிழைத்து வெளியே வரக்கூடிய நிலை இருந்தது.

சரி, ஸ்டேஷன் விடுதியில் இருந்தது தீத்தடுப்பு ரசாயனம் சேர்க்காத ஸ்பாஞ்ச், நண்பர் பார்த்தது ஏதோ சேர்த்த ஸ்பாஞ்ச். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டிப்பாக இருக்கும். எவ்வளவு வித்தியாசம் என்பதை லைட்டர் சொல்லுமா? சொல்லாது. அதைச் சொல்லும் எண் வேறு ஒன்று, அதன் பெயர் வெப்ப வெளியீட்டு வீதம். ஒரு பொருள் எரியும்போது ஒவ்வொரு விநாடியும் எவ்வளவு வெப்பத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. அலகு நமக்குத் தெரிந்ததுதான், வாட், கிலோவாட், மெகாவாட்.

விறகு அடுப்பு ஊதிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 5 கிலோ எடையுள்ள ஒரு கட்டையை அடுப்பில் செருகினால் ஒரு மணி நேரம் நின்று எரியும். அதே 5 கிலோவைச் சுள்ளியாக ஒடித்துக் குவித்துப் பற்றவைத்தால் இரண்டு நிமிடத்தில் ஆள் உயரத்துக்குத் தீ எழும்பி முடிந்துவிடும். இரண்டிலும் உள்ள மொத்த வெப்பம் ஒன்றே, கிலோவுக்கு 16 மெகாஜூல் என்று வைத்தால் 80 மெகாஜூல் (மெகாஜூல் என்பது வெப்பத்தின் அலகு, விநாடிக்கு ஒரு மெகாஜூல் என்றால் அது ஒரு மெகாவாட்). அதை ஒரு மணி நேரத்துக்குப் பிரித்தால் 22 கிலோவாட், சோறு வேகும். இரண்டு நிமிடத்துக்குப் பிரித்தால் 670 கிலோவாட் பக்கம் வரும், கூரை போகும். எடையும் மரமும் மாறவில்லை, காற்று படும் பரப்பு மட்டும்தான் மாறியது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளை நாம் இழந்தோமே, அங்கே மேலே இருந்தது கீற்றுக் கூரை. எடை குறைவு, பரப்பு மிக அதிகம், நன்றாகக் காய்ந்தது, அடியிலும் மேலேயும் காற்று. அப்படிப்பட்ட பொருள் தன்னிடமுள்ள வெப்பம் முழுவதையும் ஒரு சில நிமிடத்தில் கொட்டிவிடும், கீழே இருப்பவர்களுக்கு ஓட நேரம் தராது.

இந்த வீதம் ஏன் உயிருக்கு இவ்வளவு நெருக்கமான எண் என்றால், தீ தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் ஒன்று. வெளிவரும் வெப்பத்தில் ஒரு பகுதி அதே பொருளின் மேல் திரும்ப விழுகிறது, இன்னொரு பகுதி பக்கத்துப் பொருளைச் சூடாக்குகிறது, சூடானவை வாயுவாகிக் கூடுதலாக எரிகின்றன. தீப்பாதுகாப்புப் பொறியாளர்கள் இதற்கு எளிய கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள்: வளரும் கட்டத்தில் தீயின் அளவு நேரத்தின் வர்க்கத்தைப் போல ஏறும். அதாவது நேரம் இரட்டிப்பானால் தீ நான்கு மடங்கு. சுமார் 1 மெகாவாட்டைத் தொட 600 விநாடி எடுத்தால் அது மெதுவான தீ, 150 விநாடி என்றால் வேகமானது, 75 விநாடி என்றால் அதிவேகம். அந்த வேகமான தீயை எடுத்துக்கொள்ளுங்கள், பாதி நேரத்தில், 75-ஆவது விநாடியில், அது கால் மெகாவாட்டுதான் இருக்கும். பார்ப்பவருக்கு "ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும்" என்று தோன்றும் அளவு. வாளியைத் தேடிப் போய்த் திரும்பி வருவதற்குள் நான்கு மடங்காகியிருக்கும். வீட்டுத் தீயில் பலர் இந்த இடத்தில்தான் தப்புக் கணக்குப் போடுகிறார்கள்.

1 மெகாவாட்டுக்கு ஏன் இந்த முக்கியத்துவம்? நம் வீட்டுப் படுக்கையறை அளவுள்ள அறையில், திறந்த ஒரு கதவோடு, சுமார் 1 முதல் ஒன்றரை மெகாவாட்டைத் தீ தாண்டினால் ஃபிளாஷ்ஓவர் என்ற கட்டம் வந்துவிடும். கூரைக்கு அடியில் தேங்கிய புகை 500, 600 டிகிரிக்கு ஏறி, அங்கிருந்து கீழே இறங்கும் வெப்பக் கதிர் தரையில் சதுர மீட்டருக்கு 20 கிலோவாட்டைத் தொடும். உச்சி வெயில் சதுர மீட்டருக்கு 1 கிலோவாட், அதைப் போல 20 மடங்கு என்று நினைத்துப் பாருங்கள். அப்போது அறையில் தீயே படாத மூலையில் இருக்கும் செய்தித்தாள், பாய், துணி எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். உள்ளே இருப்பவர் கதை அதோடு முடிந்தது. இப்போது அளவுகளைப் பாருங்கள்: ஒரு மெழுகுவர்த்தி நூறு வாட்டுக்கும் கீழே, குப்பைக் கூடை ஐம்பது நூறு கிலோவாட், ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்த மூன்று பேர் உட்காரும் சோபா 2, 3 மெகாவாட். ஒரே ஒரு சோபா போதும் ஓர் அறையை ஃபிளாஷ்ஓவருக்குக் கொண்டுபோக. அமெரிக்காவில் பொருள்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யுஎல் நிறுவனம் இரண்டு வரவேற்பறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டி எரித்த சோதனை உண்டு. ஒன்றில் இந்தக் காலத்துச் செயற்கைப் பொருள் மேசை நாற்காலி சோபா, மற்றதில் பழைய காலத்து மரமும் பருத்தியும். புதிய அறை 4 நிமிடத்துக்குள் முழுதாகப் பற்றிவிட்டது, பழைய அறைக்கு 29 நிமிடம் ஆனது.

இவ்வளவு முக்கியமான எண்ணை ஆரம்பத்திலிருந்தே அளந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அளக்கத் தெரியாமல்தான் பல வருஷம் ஓடியது. மொத்த வெப்பத்தை அளப்பது எளிது: ஒரு கிராம் தூளை ஆக்சிஜன் நிரப்பிய கெட்டியான எஃகுக் கலத்துக்குள் எரித்து, சுற்றியுள்ள தண்ணீர் எவ்வளவு சூடானது என்று பார்த்தால் போதும், அந்தக் கருவி 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. வீதம் அப்படியில்லை. எரியும் பொருளிலிருந்து வெப்பம் எல்லாப் பக்கமும் ஓடுகிறது. மேலே போகும் சூடான காற்றின் வெப்பநிலையை அளந்து கணக்குப் போடலாம் என்று ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு கருவி செய்தார்கள். ஆனால் கருவியின் சுவரே வெப்பத்தில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு பிறகு மெதுவாகத் திருப்பித் தரும், கதிராகப் போன வெப்பம் கணக்கிலேயே வராது. திருத்தங்கள் போட்டு அதை இன்றும் பயன்படுத்துகிறார்கள். விமானத்தின் உள்பக்கத் தகடுகளுக்கு அமெரிக்க விமானத்துறை வைத்திருக்கும் விதி அந்தக் கருவியின் அடிப்படையில்தான். உச்ச வீதம் சதுர மீட்டருக்கு 65 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது, அது உண்மையிலேயே கடுமையான விதி. ஆனாலும் எல்லாப் பொருளுக்கும், சோபா அளவுள்ள பொருளுக்கும் ஒத்துவரும் வழி வேறு பக்கத்திலிருந்து வந்தது.

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். வெப்பத்தைத் துரத்துவதை விட்டுவிட்டு ஆக்சிஜனை எண்ணத் தொடங்கினார்கள். 1917-இல் பிரிட்டனில் தோர்ன்டன் என்ற அறிவியலாளர் ஒன்றைக் கவனித்திருந்தார்: கரிமத் திரவங்களும் வாயுக்களும் எரியும்போது, எது எரிந்தாலும் சரி, செலவாகும் ஆக்சிஜனின் ஒவ்வொரு கிலோவுக்கும் வெளிவரும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றே. ஏறக்குறைய அறுபது வருஷம் அது பெரிதாக யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. 1970-களின் இறுதியில் அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனத்தில், அதுதான் இப்போதைய நிஸ்ட், பார்க்கர் என்பவர் தீச் சோதனையின் புகைபோக்கியில் ஆக்சிஜனை அளந்து பார்த்தார். 1980-இல் கிளேட்டன் ஹகெட், மரம், பருத்தி, காகிதம், பலவகைப் பிளாஸ்டிக் என்று வரிசையாகக் கணக்குப் போட்டு அந்த எண்ணை உறுதிசெய்தார். ஒரு கிலோ ஆக்சிஜனுக்கு 13.1 மெகாஜூல், பெரும்பாலான பொருள்களுக்கு 5 சதவீதம் முன்னே பின்னே.

முதலில் கேட்கும்போது நம்பக் கஷ்டமாக இருக்கும். பாலிஎத்திலீன் கிலோவுக்கு 43 மெகாஜூல் தருகிறது, மரம் அதில் பாதிகூடத் தருவதில்லை, அப்படியிருக்க ஆக்சிஜன் கணக்கில் மட்டும் எப்படிச் சமமாகிறது? மரத்துக்குள் ஏற்கெனவே ஆக்சிஜன் இருக்கிறது, அதாவது அது பாதி எரிந்து முடிந்த பொருள் மாதிரி, அதனால் வெளியிலிருந்து குறைவாகவே ஆக்சிஜன் கேட்கும், குறைவாகவே வெப்பம் தரும், இரண்டும் சேர்ந்தே குறைகின்றன. இதற்கு அடியில் இருக்கும் காரணத்தை 2015-இல் கிளாஸ் ஷ்மிட்-ரோர் என்ற வேதியியலாளர் அழகாக எடுத்துச் சொன்னார்: எரிபொருளில் ஆற்றல் ஒளிந்திருக்கிறது என்று நாம் பேசினாலும், வெப்பத்தில் பெரும்பங்கு ஆக்சிஜன் மூலக்கூறின் ஒப்பீட்டளவில் பலவீனமான இரட்டைப் பிணைப்பு உடைந்து வலுவான பிணைப்புகளாக மாறுவதிலிருந்து வருகிறது. எரிவது எதுவானாலும் ஆக்சிஜன் அதேதான், அதனால்தான் எண்ணும் ஏறக்குறைய அதேதான். விலகும் வாயுக்கள் இருக்கின்றன, வெல்டிங் கடையில் இருக்கும் அசிட்டிலீன் அவற்றில் ஒன்று, அதன் எண் 15-ஐத் தாண்டும். வீட்டில் எரியும் சாமான்களுக்கு 13.1 போதும்.

இந்த எண் கையில் இருந்தால் எதையெல்லாம் கணக்கிடலாம் பாருங்கள். காற்றின் எடையில் ஆக்சிஜன் சுமார் 23 சதவீதம், எனவே ஒரு கிலோ காற்றுக்கு 3 மெகாஜூல். 80 சென்டிமீட்டர் அகலம், 2 மீட்டர் உயரமுள்ள ஒரு கதவு வழியாக, உள்ளே முழுதாகப் பற்றிய அறைக்குள் விநாடிக்குச் சுமார் 1.1 கிலோ காற்று போகும். ஆகவே அந்த அறைக்குள் எரியக்கூடிய அதிகபட்சத் தீ 3.4 மெகாவாட் பக்கம். உள்ளே எத்தனை மெத்தை அடுக்கியிருந்தாலும் கதவு விடுவதற்கு மேல் உள்ளே எரியாது, மிச்ச வாயு வெளியே வந்து, காற்றைக் கண்ட இடத்தில், வராந்தாவிலும் ஜன்னலுக்கு வெளியிலும் எரியும். தீயணைப்பு வீரர்கள் கதவைச் சாத்தி வைக்கச் சொல்வதன் பின்னால் உள்ள கணக்கும் இதுதான்.

இந்த ஆக்சிஜன் வழியை வைத்து 1982-இல் அதே அமெரிக்க ஆய்வகத்தில் வைடெனிஸ் பப்ராஸ்கஸ் உருவாக்கியது கோன் கலோரிமீட்டர். உலகெங்கும் பொருள்களின் தீக்குணத்தைப் பார்க்கும் ஆய்வகங்களில் இன்று இதுதான் அடிப்படைக் கருவி, ஐஎஸ்ஓ 5660 என்ற தரநிலையும் இதற்கு உண்டு. அருகில் நின்று பார்த்தால் பெரிய அடுக்களைச் சாமான் மாதிரிதான் இருக்கும். மேல்பகுதி வெட்டிய கூம்பு வடிவத்தில் சுருட்டிய மின்கம்பி, சிவக்கச் சூடாகிக் கீழ்நோக்கி வெப்பம் வீசும். அதற்கு 25 மில்லிமீட்டர் கீழே, பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரத் துண்டு, பக்கமும் அடியும் அலுமினியத் தாள் சுற்றி, எடைத் தராசின் மேல் உட்கார்ந்திருக்கும். அதன் மேற்பரப்பை ஒட்டி, ஒன்றேகால் சென்டிமீட்டர் உயரத்தில் மின்பொறி டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். கூம்பின் வெப்பத்தை நாம் தேர்ந்தெடுக்கலாம்: சதுர மீட்டருக்கு 35 கிலோவாட் என்றால் பக்கத்தில் ஒரு சாமான் எரியும் நிலை, 50, 75 என்றால் அறையே பற்றிய நிலை.

மூடியை விலக்கியதும் நேரம் ஓடத் தொடங்கும். பெயர்ப்பலகை செய்யும் அக்ரிலிக் ஷீட் என்றால் மேற்பரப்பு முதலில் பளபளக்கும், பிறகு சின்னச் சின்னக் குமிழி, ஒரு மெல்லிய வெள்ளைப் புகை, அது பொறியைத் தொட்டதும் டப்பென்று முழுப் பரப்பும் ஒரே தீயாகும். புகை முழுவதையும் மேலே ஒரு குடை இழுத்துக்கொள்ளும், குழாயில் விநாடிக்கு 24 லிட்டர் வேகம். அந்தக் குழாயிலிருந்து கொஞ்சம் வாயுவைத் தனியாக உறிஞ்சி, கரியை வடிகட்டி, குளிரவைத்து ஈரத்தை எடுத்து, ஆக்சிஜன் அளவிக்குள் விடுவார்கள். ஆக்சிஜன் காந்தத்தால் இழுக்கப்படும், நைட்ரஜன் இழுக்கப்படாது, அந்த வித்தியாசத்தை வைத்து அளக்கும் கருவி அது. இங்கேதான் துல்லியம் தேவைப்படுகிறது. அந்தச் சின்னத் துண்டு சதுர மீட்டருக்கு 500 கிலோவாட் என்ற கணக்கில் எரிந்தால், அதன் உண்மையான தீ 5 கிலோவாட்டுதான், குழாயில் ஆக்சிஜன் 20.95 சதவீதத்திலிருந்து 19.7-க்கு இறங்கும். நல்ல தீத்தடுப்புப் பொருள் என்றால் இறக்கம் கால் சதவீதம்கூட இருக்காது. அதனால் நூறில் ஒரு பங்கு சதவீதத்துக்கும் குறைவான மாற்றத்தைக் கருவி நம்பகமாகப் பிடிக்க வேண்டும். கூடவே வாயு குழாயைத் தாண்டி அளவிக்கு வந்துசேரச் சில விநாடிகள் ஆகும், அந்தத் தாமதத்தைச் சரியாகக் கழிக்காவிட்டால் வளைகோடு முழுவதும் நகர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன், அளவு தெரிந்த மீத்தேன் தீயை எரித்துக் கருவியைச் சரிபார்க்கிறார்கள்.

கணினித் திரையில் வரும் வளைகோடுகளைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பொருளின் குணமே தெரிந்துவிடும். அக்ரிலிக் எரிந்தால் கரி மிஞ்சாது, அதனால் கோடு ஏறி, சதுர மீட்டருக்கு 600, 700 கிலோவாட் பக்கம் நின்று, தீரும்போது இறங்கும். மரப்பலகை வேறு மாதிரி: முதலில் ஒரு கூர்மையான உச்சி, உடனே சரிவு, ஏனென்றால் மேலே கரி கட்டிக்கொண்டது, அந்தக் கரி கீழே உள்ள மரத்துக்குப் போர்வை. கடைசியில் வெப்பம் பலகையின் அடிப்பக்கத்தைத் தொட்டதும் இரண்டாவது உச்சி ஒன்று வரும். பெரிய உத்திரங்கள் தீயில் சட்டென்று விழாமல் நேரம் கொடுப்பதும் இந்தக் கரிப் போர்வையால்தான். மெத்தை ஸ்பாஞ்ச் சில விநாடியிலேயே பற்றும், கோடு நேராக மேலே போகும், சீக்கிரம் முடியும். எடை ஒன்றுமில்லாத பொருள்தானே என்று கையில் தூக்கிப் பார்த்து முடிவுசெய்பவர்கள் அந்த முதல் ஏற்றத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

1992-இல் பப்ராஸ்கஸும் ரிச்சர்ட் பீக்காக்கும் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்றில், தீயின் ஆபத்தைச் சொல்லும் மிக முக்கியமான ஒற்றை எண் வெப்ப வெளியீட்டு வீதம்தான் என்று வாதிட்டார்கள். பலர் உடனே கேட்பது, ஜனங்கள் சாவது புகையால்தானே, விஷத்தை அல்லவா அளக்க வேண்டும் என்று. அவர்கள் சொன்ன பதில் எனக்குச் சரியாகப் படுகிறது: புகையின் அளவே தீ எவ்வளவு வேகமாகப் பொருளைத் தின்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு பொருளின் புகை இன்னொன்றைவிட இரண்டு மடங்கு நச்சாக இருக்கலாம், ஆனால் எரியும் வேகம் பத்து மடங்கு வேறுபடும். கணகணவென்று தீ எழாமல் கனன்று புகையும் மெத்தையும் வறட்டியும் விதிவிலக்கு, அங்கே வீதம் மிகக் குறைவு, மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொல்லும்.

தீத்தடுப்பு ரசாயனத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 1988-இல் பப்ராஸ்கஸின் அதே அமெரிக்க ஆய்வகம் ரசாயனம் சேர்த்த ஐந்து பொருள்களையும் சேர்க்காத ஐந்து பொருள்களையும் எரித்து ஒப்பிட்டது, டிவிப் பெட்டியின் கூடு, நாற்காலி, மின்கம்பி மாதிரியானவை. சேர்த்தவை கால்வாசி வெப்பமே வெளியிட்டன, தப்பிக்கக் கிடைக்கும் நேரம் 15 மடங்கு கூடியது. இந்த 15 மடங்கு என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு, வீட்டுச் சோபாக்களுக்கும் ரசாயனம் அவசியம் என்று தொழில்துறை பல வருஷம் வாதாடியது. அந்த ஆய்வை நடத்திய பப்ராஸ்கஸே எழுந்து, அது தவறான பயன்பாடு என்று வெளிப்படையாகச் சொன்னார்: அவர்கள் சோதித்தவற்றில் இருந்தது உயர்ந்த அளவு ரசாயனம், கடையில் விற்ற சோபாவில் இருந்தது சின்னச் சுடர்ச் சோதனையைத் தாண்டுவதற்கான அளவு மட்டும், அது நிஜத் தீயில் பெரிதாக ஒன்றும் செய்யாது. கலிஃபோர்னியா மாநிலம் 2013-இல் அந்தச் சின்னச் சுடர் விதியையே கைவிட்டு, கனன்று பற்றும் சோதனைக்கு மாறியது. தன் ஆய்வின் எண்ணைப் பிறர் விற்பனைக்கு வளைத்தபோது வாய் திறந்து மறுத்த அந்தச் செயலை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சின்னச் சுடரை நம்பி ஏமாந்த கதை இன்னும் பழையது. 1940-களிலிருந்து அமெரிக்காவில் ஸ்டெய்னர் சுரங்கம் என்ற சோதனை உண்டு: 25 அடி நீளப் பெட்டி, அதன் மேற்கூரையில் பொருளைப் பொருத்தி ஒரு முனையில் தீ வைத்து, சுடர் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்ப்பார்கள். சிவப்பு ஓக் மரத்துக்கு 100 என்று எண் வைத்து மற்றவற்றை ஒப்பிடுவார்கள். மரத்துக்கும் பலகைக்கும் அது நல்ல சோதனை. பிளாஸ்டிக் நுரைப் பொருள்கள் வந்தபோது சிக்கல் வந்தது, சில வகை உருகிக் கீழே சொட்டிவிடும், மேலே எரிய ஒன்றும் இருக்காது, நல்ல எண் கிடைத்துவிடும். அந்த எண்ணையும் சின்னச் சுடர்ச் சோதனைகளையும் காட்டி "எரியாதது", "தானே அணைவது" என்று விளம்பரம் செய்தார்கள். வீடுகளில் அவை பயங்கரமாக எரிந்தன. 1973-இல் அமெரிக்க வணிக ஆணையம் பிளாஸ்டிக் நிறுவனங்கள் மீதும், சோதனை முறையை வெளியிட்ட தர அமைப்பின் மீதும்கூட நடவடிக்கை எடுத்தது, மறு வருஷம் அந்தச் சொற்களைக் கைவிட அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அங்கே ஐம்பது வருஷத்துக்கு முன் கைவிட்ட அதே வார்த்தையைத்தான் எங்கள் கடைக்காரர் லைட்டரோடு சொன்னார்.

கோன் கலோரிமீட்டர் வந்துவிட்டதால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தால் அதுவும் தவறு. பத்து சென்டிமீட்டர் துண்டில் கிடைப்பது பொருளின் குணம், அதை எப்படி வளைத்து, எதன் மேல், எந்த இடைவெளி விட்டு மாட்டுகிறோம் என்பதில்தான் கட்டடத்தின் தீ இருக்கிறது. லண்டனில் 2017 ஜூன் 14 அன்று எரிந்த கிரென்ஃபெல் டவரை எடுத்துக்கொள்வோம். 24 மாடி, 72 பேர் இறந்தார்கள், தொடங்கியது நான்காவது மாடி வீடொன்றின் ஃபிரிட்ஜில். வெளிச்சுவரில் மாட்டியிருந்த தகடு மொத்தமே 4 மில்லிமீட்டர், இரண்டு பக்கமும் அரை மில்லிமீட்டர் அலுமினியம், நடுவில் 3 மில்லிமீட்டர் பாலிஎத்திலீன். அந்த 3 மில்லிமீட்டர் என்பது சதுர மீட்டருக்குச் சுமார் 2.8 கிலோ பிளாஸ்டிக், 120 மெகாஜூல். மேற்பரப்பில் சுடர் காட்டும் பழைய பிரிட்டிஷ் சோதனைகளில் அலுமினியம்தான் சுடரைச் சந்திக்கிறது, தகடு நல்ல பெயர் வாங்கிவிடுகிறது. தகட்டைத் தட்டையாக ரிவெட் அடித்து மாட்டினால் ஒரு முடிவு, ஓரங்களை மடித்துப் பெட்டி போலத் தொங்கவிட்டால் அதைவிட மிக மோசமான முடிவு என்பது 2004-லேயே ஐரோப்பியச் சோதனை ஒன்றில் தெரிந்திருந்ததாகப் பொது விசாரணை பதிவுசெய்திருக்கிறது. கிரென்ஃபெல்லில் மாட்டியது பெட்டி வடிவம். வெளியே பற்றிய தீ அரை மணிக்குள் உச்சி மாடியைத் தொட்டது. அதன் பிறகு பிரிட்டிஷ் அரசு சுமார் 9 மீட்டர் உயரச் சுவர் கட்டி, அதே வகைத் தகட்டை மாட்டி எரித்தபோது, 10 நிமிடத்துக்குள் சோதனையை நிறுத்த வேண்டி வந்தது. தகட்டுக்குப் பின்னால் எரியாத பாறைக் கம்பளியை வைத்துச் செய்தபோதும் அதே கதி.

அதனால்தான் நிஸ்ட் மாதிரியான இடங்களில் சோபாவை, படுக்கையை, முழு அறையை, அப்படியே பெரிய குடைக்குக் கீழே வைத்து எரிக்கிறார்கள். மேரிலாந்தில் உள்ள அவர்கள் கூடத்தில் 20 மெகாவாட் வரை அளக்க முடியும், அதுவும் இதே ஆக்சிஜன் கணக்கால்தான், துண்டுக்குப் பயன்படும் 13.1-ஐ மாடி அளவுக்குப் பெருக்கிப் பார்க்கிறார்கள்.

மறுபடி கடைக்கு வருவோம். நண்பரைச் சோதனை அறிக்கை கேட்கச் சொன்னேன். கடைக்காரர் தேடி எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது ஒரே பக்கம்: 15 சென்டிமீட்டர் நீளத் துண்டு, படுக்கவைத்த நிலை, சின்னச் சுடர், "தானே அணைந்தது". எத்தனை கிலோவாட் வெப்பத்தில் சோதித்தார்கள், உச்ச வீதம் எவ்வளவு, எந்தத் தடிமன், சுவரில் நிறுத்தி ஒட்டினால் என்ன ஆகும், ஒன்றும் இல்லை. அந்த அறைக்கு ஒரே கதவு, ஜன்னல் கிடையாது, நான்கு சுவரும் மேற்கூரையும் ஸ்பாஞ்ச் என்பது திட்டம். நண்பர் ஷீட்டை வாங்கவில்லை. கண்ணாடிக் கம்பளிப் பலகைகளை மரச் சட்டத்தில் வைத்து, மேலே மெல்லிய துணி இழுத்து அடித்திருக்கிறார். துணியும் சட்டமும் எரியும் பொருள்தான் என்பதால் மின்சார ஹீட்டரையும் எக்ஸ்டென்ஷன் பெட்டியையும் சுவரை விட்டுத் தள்ளி வைத்திருக்கிறார், கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றிப் போட்டிருக்கிறார்.